இன்றைக்குத் தங்கும் ஊர்

கம்பத்தில் மூன்று மஞ்சள் பலகைகள் இருந்தன. தான் ஏறிவந்த பக்கத்தைக் காட்டும் நான்காவது பலகையை நாச்சிமுத்து கணக்கில் சேர்க்கவில்லை. காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகாமலிருக்க ஒரு கையால் தலையை அழுத்திக்கொண்டு, கணவாயின் உச்சியில் நின்று, அந்த மூன்றையும் மறுபடியும் வாசித்தார். ஹின்டர்பாக். ஓபர்மாட். சாங்க்ட் லீனார்ட். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தி, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். மறந்துபோன பெயர் எதிரில் வந்து நின்றால் ‘அட ஆமா, இதுதானே’ என்று மனசு ஒரு துள்ளு துள்ளும் இல்லையா, அதற்காகக் காத்திருந்தார். மூன்றுக்கும் துள்ளவில்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் இன்றைக்கு அவர்கள் தங்கும் ஊர். அங்கே ஏதோ ஒரு விடுதியில் அவருடைய மனைவி மரகதம் இந்நேரம் வீங்கிய முட்டியை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெட்டிகள் வந்து இறங்கியிருக்கும். காலையில் ஷூ நாடாவைக் கட்டும்போது அந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் கட்டினார். பைன் மரங்களுக்குள் ஏறும்போது சொன்னார், ஓடையைத் தாண்டும்போதும் சொன்னார். சொல்லிச் சொல்லித் தேய்ந்து வெறும் சத்தமாகப் போய்விட்டதோ என்னவோ, ஓடைக்கும் கணவாய்க்கும் நடுவில் எங்கேயோ நழுவிவிட்டது. மற்றதெல்லாம் இருக்கிறது, அதுதான் கொடுமை. காலையில் தின்ற ரொட்டியின் மேல் ஒட்டியிருந்த விதைகள் இருக்கின்றன. மரகதம் பஸ்ஸிலிருந்து கையசைத்தபோது ஜன்னல் கண்ணாடியில் விழுந்திருந்த மேகம் இருக்கிறது. அந்த டிரைவர் காதில் போட்டிருந்த கடுக்கன்கூட இருக்கிறது. மின்வாரியத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெறும்வரை மலைமேல் டவர் லைன் இழுத்தவர் அவர். அவருக்கு அது அப்படித்தான் தோன்றியது: இந்தக் கோபுரமும் நிற்கிறது, அந்தக் கோபுரமும் நிற்கிறது, நடுவில் கம்பியைக் காணோம். கம்பி அறுந்தால் தேடிக்கொண்டு போகலாம், எங்கேயாவது புதர்மேல் கிடக்கும். இது எங்கே கிடக்கிறது? அவர் தான் ஏறிவந்த பாதையை ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தார், கல்லிடுக்கில் கிடக்கிறதா என்பதுபோல.

வழியும் ஊர்களும் அச்சடித்த பயணக் கையேட்டை மரகதம் கொண்டுபோகச் சொன்னாள். ஜூரிக்கில் இருக்கும் மகள் கயல்விழிதான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது. வழிகாட்டி யாரும் கிடையாது, நீங்களே நடந்துகொள்ள வேண்டியது. காலையில் ஒரு விடுதியிலிருந்து கிளம்பி மலையைத் தாண்டிச் சாயங்காலம் அடுத்த விடுதி, பெட்டிகள் மட்டும் வேனில் சுற்றிக்கொண்டு வந்துவிடும் என்று அவள் போனில் விளக்கியபோது, வழிகாட்டி இல்லை என்பதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. “எனக்கு எதுக்கும்மா வழிகாட்டி? குந்தா மலையில மஞ்சு மூடிக் கெடக்கும், கை நீட்டுனா வெரல் தெரியாது, அதுக்குள்ள பூந்து வந்தவன் நான்” என்றார். அதை அவர் முன்பும் சொல்லியிருக்க வேண்டும், சில நிமிடங்களுக்கு முன்பேகூட. ஏனென்றால் கயல் “ஆமாங்கப்பா” என்றாள், ரொம்ப மிருதுவாக. நேற்றைய இறக்கத்தில் மரகதத்துக்கு முட்டி வீங்கிவிட்டது. காலையில் கட்டுப் போட்டுக்கொண்டே, “ஏனுங்க, நீங்களும் பஸ்ஸுலயே வந்துருங்க. ஒரு நாள் நடக்காட்டி என்னங்க போச்சு?” என்று கேட்டாள். வரமாட்டேன் என்றார். “அப்பன்னா இந்தப் பொஸ்தகத்தையாச்சும் வெச்சுக்குங்க. எம்போனு வேணுமா? கயலு மேப்பெல்லாம் அதுலதான் போட்டுக் குடுத்துருக்கறா.” அதற்கும் வேண்டாமென்றார். “மலையப் பாத்தாலே எனக்கு வழி தெரியும் மரகதம்.” அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது? சந்தேகமா, முட்டி வலியா? பிறகு ஊர்ப் பெயரைச் சொல்லி, “அங்க பஸ்ஸு நிக்கற எடத்துலயே விடுதி இருக்குதாமா” என்றாள். சொன்னாள், அவள் உதடு அசைந்தது, இப்போதும் கண்முன்னே அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள் தனியாக நடந்து போய்ச் சேர்ந்துவிட்டால் கோயமுத்தூரில் அந்த டாக்டரம்மா சொன்னது தப்பு என்று ஆகிவிடும், அப்படித்தான் அவர் தனக்குள் பேசி முடித்துவைத்திருந்தார். யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்ட பரீட்சை. அதில் கேள்வியே ஒன்றுதான். ஊர்ப் பெயர்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, கயலைவிட இளையவளாகக்கூட இருப்பாள். காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வருகிறேன் என்று மரகதத்திடம் சொல்லிவிட்டு அவர் தனியாகப் போயிருந்தார். “கூட யாராச்சும் வந்திருக்காங்களா சார்?” என்று அவள் கேட்டாள். இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஐந்து வார்த்தை சொல்கிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துக் கேட்பேன் என்றாள். கடிகாரம் வரையச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், அதை அவர் டக்டக்கென்று கழித்தார், கழித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார், கணக்கில் யாரிடம் வந்து விளையாடுகிறாய் என்பதுபோல. அப்புறம் அவள் அந்த வார்த்தைகளைக் கேட்டாள். என்ன வார்த்தைகள்? வார்த்தைகள் சொன்னீர்களா? அவள் முகம் மாறவில்லை, மாறாமல் இருப்பதற்குத்தான் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. இப்போது, இந்தக் காற்றில், கேட்காமலே அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன: கம்பளி, மூக்கு, தேவாலயம், செம்பருத்தி, பச்சை. அவருக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. டாக்டரம்மா, எழுதிக்கொள்ளுங்கள், கம்பளி, மூக்கு, தேவாலயம், செம்பருத்தி, பச்சை, எல்லாம் இருக்கிறது. கேட்டபோது ஒளிந்துகொண்டு, யாருக்கும் தேவையில்லாத இடத்தில் எதற்கடா வந்து நிற்கிறீர்கள்? அன்றைக்கு டாக்டரம்மா, மறதி வியாதியின் ஆரம்பம்தான் சார், மெதுவாகத்தான் போகும், ஆனால் திரும்பாது, அடுத்த தடவை வீட்டில் ஒருத்தரைக் கூட்டிவாருங்கள் என்றாள். அடுத்த தடவை அவர் போகவில்லை. மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? போன வைகாசியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் போயிற்று. அதை அவர் சாமர்த்தியமாகச் சமாளித்தார், “வாங்க வாங்க” என்று வாய் நிறையக் கூப்பிட்டால் பெயர் எதற்கு? பெயர் தெரியாத எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். மனுசன் ரொம்ப மரியாதையாகிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

போன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தார், சிக்னல் இருந்தது, இல்லாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. மரகதத்துக்குப் போட்டால் முதல் மணியிலேயே எடுப்பாள். எடுத்ததும் என்ன சொல்வது? நம்ம இன்னைக்கு எந்த ஊருல தங்கறோம்? அவ்வளவுதான். ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர் வேறு ஆள், அவள் வேறு ஆள். சுற்றிவளைத்துக் கேட்க முடியாதா? ‘பஸ்ஸுல எறங்குன எடத்துல போர்டு என்ன போட்டுருக்குது, சும்மா படி பாக்கலாம்.’ எதற்கு என்பாள். ‘ஊரு எப்படி இருக்குது, பேருக்கு ஏத்த மாதிரி இருக்குதா?’ அதற்கும் பெயரைச் சொல்லாமலே, இருக்குதுங்க, ஜில்லுனு இருக்குதுங்க என்று விடுவாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள், அவர் பொய் சொல்லும்போது முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். மரகதத்தின் பெயரை அழுத்தினார், மணி அடிக்கும் முன்பே நிறுத்தினார். அடித்திருக்குமோ? அவள் பக்கம் பதிவாகியிருக்குமோ? போனை வெறித்துப் பார்த்தார். அவள் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிடாதது நிம்மதியாகவும் இருந்தது, கூப்பிட்டிருக்கக் கூடாதா என்றும் இருந்தது. அவருடைய சித்தப்பா ஒருவர் கடைசிக் காலத்தில் இப்படித்தான் ஆனார். கோபியில் ஒரு கல்யாணத்தில் அவரை நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வந்தவர் போனவரெல்லாம் குனிந்து, “நா யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி சிரித்தார். தப்பாகச் சொன்னால் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள். பந்தியில் அதையே சொல்லிச் சிரித்தார்கள். நாளைக்கு அந்த நாற்காலியில் நாச்சிமுத்து. மாலை போட்ட மாப்பிள்ளை பெண்ணுக்கு அடுத்தபடி கூட்டம் அங்கேதான். பட்டுவேட்டி கட்டி விட்டு, பக்கத்தில் மரகதம் நின்றுகொண்டு, வந்தவர்களிடம் கண்ணைக் காட்டிக் கேட்காதீங்க என்பாள், அவர்கள் கேட்பார்கள்.

பின்னாலிருந்து கம்பு ஊன்றும் சத்தம் வந்தது. வயதான ஜோடி ஒன்று, அந்த ஊர்க்காரர்கள், இரண்டு கையிலும் கம்பு வைத்துக்கொண்டு நிதானமாக ஏறிவந்தார்கள். கிழவர் சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தார். அந்த அம்மாள் வெயிலில் கன்னமெல்லாம் கன்றிப்போய், பார்த்தவுடன் சிரித்தாள். இங்கே எதிர்ப்படுகிற எல்லோரும் சொல்லும் வணக்கத்தைச் சொன்னார்கள், அவரும் சொன்னார். கிழவர் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தத்தி நடக்கும் இங்கிலீஷில், எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி, நியாயமான கேள்வி, பாதை பிரியும் இடத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதுதான். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐயா, எனக்கு ஊர்ப் பெயர் மறந்துவிட்டது, இந்த மூன்று ஊரில் பஸ் நிற்கிற இடத்திலேயே விடுதி இருப்பது எதில் என்று கேட்டிருக்கலாம், அவர்கள் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்கள், வேற்று மனுஷர்கள்தானே, மறுபடி பார்க்கவா போகிறோம். ஆனால் வாய் முந்திக்கொண்டது. கண்ணுக்கு நேராக இருந்தது நடுப்பலகை. “ஓபர்மாட்” என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. அந்த அம்மாள் முகம் மலர்ந்து போயிற்று. நாங்களும் அங்கேதான், எங்கள் வீடே அங்கேதான், வாருங்கள் சேர்ந்து போகலாம் என்றாள். அவ்வளவுதான். எங்கே போவது என்று அவர் தீர்மானிக்க வேண்டியதில்லை, தீர்மானமாகிவிட்டது. மூன்றில் ஒன்று சரியாக இருக்கத்தானே வேண்டும், அது இதுவாக ஏன் இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அவர்கள் பின்னால் இறங்கினார். உள்ளுக்குள் யாரோ, இல்லை இல்லை இல்லை என்று பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் கொஞ்சம் இறங்கியதும் கணவாயில் மூடியிருந்த மேகம் விலகியது. வெயில் வந்தது. வந்து அவருடைய இடது கன்னத்தில் விழுந்தது. நாச்சிமுத்து நின்றுவிட்டார். இடது கன்னம். நேற்று விடுதியில் கையேட்டின் படத்தை மரகதம் பிரித்துக் காட்டியபோது கோடு கிழக்கே போயிற்று, கிழக்கே போய் லேசாக வடக்கே வளைந்தது. பிற்பகலில் கிழக்கே நடக்கிறவனுக்கு வெயில் பின்கழுத்தில் அல்லவா விழ வேண்டும்? பெயர் போன இடத்தில் திசை அப்படியே இருந்தது. அது மண்டையில் இல்லை போலிருக்கிறது, தோலில் இருந்திருக்கிறது. ஒரு மலையைப் பார்த்து, அதன் எந்தத் தோளில் கோபுரத்தை நட்டால் காற்றுக்குத் தாங்கும் என்று சொன்ன உடம்பு இது. இப்போதும் சொல்கிறது, தப்பு வழி, திரும்பு என்று. திரும்பியிருக்கலாம். இன்னும் பெரிய தூரம் இறங்கிவிடவில்லை. ஆனால் அந்த அம்மாள் திருப்பத்தில் நின்று, அவருக்காகக் காத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து ஒடித்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாயில் போட்டுக்கொண்டார். என்ன சொல்லித் திரும்புவது? ஓபர்மாட் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பார்கள். எதையாவது விட்டுவிட்டு வந்தேன் எனலாம். எதை? கிழவர் தூரத்து முகடுகளைக் கம்பால் காட்டி ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னார். நாச்சிமுத்து தலையாட்டினார். பெயர்கள் வந்து விழுந்தன, வழுக்கிக்கொண்டு போயின. பாதைக்கு வலதுபுறம் மலை செங்குத்தாக இறங்கியது. கீழே ரொம்பக் கீழே மாடுகள் புள்ளிபுள்ளியாக மேய்ந்தன, அவற்றின் கழுத்து மணிச் சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. ஒரு கால் கொஞ்சம் பிசகினால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. பாவம், ஆல்ப்ஸ் மலையில் நடக்கும்போது தவறிவிட்டார், கடைசிவரை என்ன திடம், என்ன ஞாபகம் என்பார்கள். அந்த நாற்காலி இருக்காது. யாரும் குனிந்து கேட்க மாட்டார்கள். அந்த நினைப்பு எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு சுலபமாக வந்து நின்றதென்றால், அதைக் கண்டுதான் அவர் பயந்துபோனார். பாதையின் உள்பக்கமாக, பாறையைத் தொட்டுக்கொண்டு நடந்தார். பாறை ஈரமாக இருந்தது. அவர் ஊரில் இல்லாத நாளில் மரகதம் தண்ணீர் மோட்டார் போடக்கூடத் தெரியாமல் அக்கம்பக்கத்தில் கேட்பாள். பாறை, அடுத்த பாறை, அதற்கடுத்த பாறை. அவள் தண்ணீருக்கு என்ன செய்வாள்? இந்த ஊர் பாஷையில் போலீசிடம் அவள் என்ன சொல்வாள்? எங்க வீட்டுக்காரரு வழி தெரிஞ்சவருங்க என்பாள். அதைத்தான் சொல்வாள். அதை நினைத்தபோது கண்ணில் நீர் கோத்துக்கொண்டு பாதை இரண்டாகத் தெரிந்தது.

ஓபர்மாட் சின்ன ஊர்தான். மரவீடுகள், ஜன்னலெல்லாம் சிவப்புப் பூ, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தேவாலயம். பஸ் நிற்கும் இடத்தில் விடுதி இல்லை. ஒரு பெஞ்சு இருந்தது, எதிரே பால் பண்ணை இருந்தது. கிழவரும் அந்த அம்மாளும் அவருடைய கையைப் பிடித்து அழுத்திக் குலுக்கினார்கள். எந்த விடுதி என்று கேட்டதற்கு அவர் பொதுவாகத் தேவாலயத்துப் பக்கம் கையைக் காட்டினார். அப்படியா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் நல்ல மனுஷர்களாகப் போய்விட்டார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தச் சுவரையும் பூவையும் தொட்டியையும் பார்த்து, ஒருவேளை இதுதானோ, விடுதி உள்ளே தள்ளி இருக்குமோ என்று அப்போதும் ஒரு மூலையில் மனசு பேரம் பேசிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. அவள்தான்.

“ஏனுங்க, எங்கீங்க இருக்கறீங்க? இந்நேரத்துக்கு வந்துருக்கோணுமே.”

அவர் தொண்டையைச் செருமினார். அதை அவரே கேட்டார்.

“மரகதம்” என்றார். “நான் வேற ஊருக்கு எறங்கிட்டேன்.”

“வேற ஊரா? போர்டு பாக்கலீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்துப்போட்டு அப்பறம் எப்படீங்க? ஹின்டர்பாக்னு பெருசா எழுதீருக்குமே.”

ஹின்டர்பாக். அவர் காத்திருந்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஏதாவது துள்ளுகிறதா என்று காத்திருந்தார். அவள் குரலிலேயே, அவள் வாயாலேயே வந்திருக்கிறது, காலையிலிருந்து அவர் சுமந்துகொண்டு நடந்த பெயர் இதுதான், இப்போதாவது அட ஆமா என்று ஒன்று எழும்ப வேண்டும். ஒன்றும் எழும்பவில்லை. ஏதோ ஒரு ஊரின் பெயர் அது. அவர் முன்பின் கேள்விப்பட்டிராத ஊர். மறப்பது என்றால் பெட்டிக்குள் தேடிக் கிடைக்காமல் போவது என்றுதான் அவர் இத்தனை நாள் எண்ணியிருந்தார். பெட்டியே இல்லை என்பது அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் தெரிந்தது.

“ஏனுங்க? லைன்ல இருக்கறீங்களா?”

“இருக்கறேன்.”

“அங்கயே இருங்க. அசையாதீங்க. அந்த ஊரு பேரு என்ன, போர்டப் பாத்துப் படிங்க.” அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். அவள் பக்கத்தில் யாரிடமோ எதையோ கேட்டாள். யாரோ பதில் சொன்னார்கள். “பஸ்ஸு இருக்குதாமா. மாறி வரோணும். நான் வந்தர்றேன்.”

“முட்டி வலியோட நீ எதுக்கு? நானே பஸ் ஏறி…”

“நீங்க ஏற வேண்டாம்” என்றாள். சட்டென்று சொன்னாள். அந்த மூன்று சொல்லில் என்னவோ இருந்தது.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அசையாதே என்று சொன்னதால் அசையாமல் இருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. பால் பண்ணையில் கேன்களை உருட்டினார்கள். வெயில் தொட்டியிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து கூரைக்குப் போயிற்று. ஒரு மஞ்சள் பஸ் வந்தது, யாரும் இறங்கவில்லை, போயிற்று. வந்தவுடன் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கினார், அடுக்கின வாக்கியம் அவள் வரும்வரை நிற்குமா என்று பயமாகிவிட்டது, அதையும் ஊர்ப் பெயரைப்போல உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டரப் பாத்தேன். டாக்டரப் பாத்தேன். இன்னொரு பஸ் வந்தது. மரகதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் ஊன்றி, வலிக்கிற காலை அப்புறம் இறக்கினாள். சேலைக்கு மேல் கயலின் பழைய ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் இருந்தன. நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

“சாப்புடுங்க. காலைல இருந்து வெறும் வயிறா?”

“டாக்டரப் பாத்தேன்” என்றார் அவர். பழத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார். ஐந்து வார்த்தையைச் சொன்னார், கடிகாரம் வரைந்ததைச் சொன்னார், திரும்பாது என்று அவள் சொன்னதைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை மரகதம் எதிரே பால் பண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூட ஆரு வந்தது?”

“ஆரும் வரல.”

“கார் சர்வீஸுன்னு சொல்லிப்போட்டுப் போனீங்களே, அன்னைக்கா?”

அவருக்கு அந்த நாள் நினைவில் இருந்தது. ஆமாம் என்றார்.

“அன்னைக்கு வந்து வாசல்லயே நின்னீங்க. என்னங்கன்னு கேட்டேன். டயரெல்லாம் நல்லாருக்குதுன்னீங்க.” அவள் குரல் உடைந்தது. “அத அங்க தனியா உக்காந்து கேட்டுப்போட்டு, தனியா வண்டி ஓட்டீட்டு வந்து, டயரு நல்லாருக்குதுன்னு எங்கிட்டச் சொன்னீங்க.” அவருடைய தோளில் கையால் ஓர் அடி அடித்தாள், வலிக்கும்படிதான் அடித்தாள். அடித்த கையை எடுக்காமல் அங்கேயே சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வியாதியைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. கேன் உருட்டியவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக உள்ளே போனார்கள். ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்ல முடியாத ஒரு விஷயத்தை அவளிடம் கொண்டுவந்து வைத்துவிட்டோமே என்று அவருக்கு இருந்தது. அதுவரை ஒருவர்தான் பயந்துகொண்டிருந்தார்.

திரும்பிப் போகும் பஸ் வந்தது. அவள்தான் டிரைவரிடம் பேசினாள், அவள்தான் டிக்கெட்டை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். ஜன்னலோரம் அவரை உட்காரச் சொன்னாள். பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. வெளியே எந்த முகடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரால் இப்போதும் சொல்ல முடிந்தது, யாரும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இனி எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“சரி.”

“சரின்னா ஆகாது. வாயத் தொறந்து சொல்லுங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். மனசு நிறைந்து, முழுமனதாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, “இனி உங்கிட்ட எதையும் மறக்க மாட்டேன்” என்றார்.

அவருடைய கைமேல் இருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. முகத்தை நடைபாதைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்குவது தெரிந்தது. அவர் திகைத்துப்போய், தான் என்ன சொன்னோம் என்று ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். கேட்டதைத்தானே சொன்னேன், சரியாகத்தானே சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.